கேட்டதற்கு மட்டும் பதில்

போத்தனூர்

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். மாப்பிள்ளையையும் குழந்தையையும் கேட்டதாகச் சொல்லு. நீ போனில் கேட்டதற்கு நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன் என்று அம்மா உன்னிடம் புலம்பியிருப்பாள். கோபமெல்லாம் ஒன்றும் இல்லை. கவுன்சில் தேர்தலில் நிற்கச் சொல்லிக் கட்சிக்காரர்கள் வீட்டுக்கே வந்து கேட்டார்கள், நிற்கட்டுமா அப்பா என்றாய். போனில் ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிற விஷயமா அது? அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் நீ குடியிருக்கிற ரெடிங் ஊரிலேயே எல்டன் சதுக்கத்துப் பூங்காவில் ஒரு சிலை நிற்கிறது. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து அந்தப் பக்கம் போயிருப்பாய். அந்தச் சிலை முதலில் நின்றது புதுதில்லியில். சுதந்திரம் வந்த பிறகு அதற்கு அங்கே வேலையில்லாமல் போய், 1971-இல் உங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது. அந்த மனிதர் பேர் ரூஃபஸ் ஐசக்ஸ். உன்னைப்போல வக்கீல். 1904 முதல் 1913 வரை ரெடிங் எம்.பி. அந்த ஊர்ப் பேரையே பட்டமாக வாங்கிக்கொண்டு ரெடிங் பிரபு ஆனவர். அப்புறம் நம்மை ஆள வைஸ்ராயாக வந்தவர்.

கறுப்பு அங்கியைக் கழற்றிவிட்டு அரசியலுக்குப் போனவர்கள் அந்த நாட்டில் ஏராளம். ஆஸ்குவித், தாட்சர், டோனி பிளேர், கியர் ஸ்டார்மர் வரை பிரதமர்களிலேயே எத்தனை பேர். ஆனாலும் உனக்கு நான் சொல்ல நினைப்பது இந்த ஐசக்ஸ் கதையைத்தான். நான் குமாஸ்தாவாக இருந்த சீனியர் ஐயா ஆபீஸில் சட்டப் புத்தக அலமாரியின் கீழ்த்தட்டில் வெள்ளைக்கார பாரிஸ்டர்களின் வாழ்க்கை வரலாறுகள் வரிசையாக இருக்கும். வாய்தா வாங்கிவிட்டுச் சும்மா இருந்த மத்தியானங்களில் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். குமாஸ்தாவுக்கு எதற்கடா இது என்று ஐயா சிரிப்பார். அதில் இந்த ஆள் மட்டும் எனக்கு மறக்கவேயில்லை.

1860-இல் லண்டனில் பிறந்தார். அப்பா ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் சந்தையில் பழ வியாபாரி. யூதக் குடும்பம், 9 பிள்ளைகள். படிப்பு 14 வயதுக்குள் முடிந்துவிட்டது. வீட்டுக்கு அடங்காத பையன் என்று கப்பலில் எடுபிடி வேலைக்கு ஏற்றி அனுப்பினார்கள். பிளேர் ஏதோல் என்ற பாய்மரக் கப்பல். ரியோ டி ஜெனீரோவில் கப்பலை விட்டு ஓடினான், பிடித்துக்கொண்டுவந்து வேலையை இன்னும் கடுமையாக்கினார்கள். அதே பயணத்தில் கப்பல் கல்கத்தாவுக்கும் வந்தது. 1877-இல் கல்கத்தா துறைமுகத்தில் நின்ற அந்தக் கப்பல் பையன், 44 வருஷம் கழித்து அந்தத் தேசத்துக்கே வைஸ்ராயாக வந்து இறங்கினான். சினிமாவில் வைத்தால் நம்பமாட்டோம்.

திரும்பி வந்து கொஞ்ச நாள் பழக்கடை, பிறகு பங்குச்சந்தை. அங்கே உறுப்பினராக 21 வயது ஆகியிருக்க வேண்டும். இவருக்கு 19. 21 என்று கையெழுத்துப் போட்டு உள்ளே போனார். பிற்பாடு தேர்தலில் எதிராளிகள் இதைத் தோண்டி எடுத்து மேடையில் வீசினார்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

லண்டன் பங்குச்சந்தையில் அப்போது ஒரு வழக்கம். கொடுக்க வேண்டியதைக் கொடுக்க முடியாதவன் பேரை, சந்தை நடுவில் மரச் சுத்தியலால் ஓங்கித் தட்டி, அத்தனை பேர் காதிலும் விழும்படி அறிவிப்பார்கள். அன்றோடு அவனுக்கு அங்கே வாசல் மூடியது. 1884-இல் ஐசக்ஸ் பேருக்கு அந்தச் சுத்தியல் விழுந்தது. கடன் 8,000 பவுண்டு. வயது 23. நம்ம ஊரில் ஏலச்சீட்டு முறிந்தவன் ராத்திரியோடு ராத்திரியாக ஊரை விட்டுப் போவானே, அப்படித்தான் இவரும் பனாமாவுக்குப் போய்விடுவதென்று பெட்டியைக் கட்டினார். ஸ்டேஷனுக்கும் போய்விட்டார். வீட்டில் அம்மா அழுத அழுகை தாங்காமல் அண்ணன் ஹாரி யூஸ்டனுக்கு ஓடி, ரயிலேறப் போன தம்பியைத் திருப்பிக் கூட்டிவந்தார். இந்த ஹாரியை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் வருவார்.

அம்மா பிடிவாதமாகச் சட்டம் படிக்க வைத்தாள். பாரிஸ்டர்களை உருவாக்கும் லண்டன் சங்கங்களில் ஒன்றான மிடில் டெம்பிளில் சேர்ந்து 1887-இல் பாரிஸ்டர் ஆனார். கல்யாணமும் அந்த வருஷமே. சம்பாதிக்க ஆரம்பித்ததும் முதல் வேலையாகப் பழைய பங்குச்சந்தைக் கடன் முழுவதையும் அடைத்தார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்த இடம் அதுதான். 1898-இல் ராணியின் வழக்கறிஞர் என்ற பட்டம். விடியற்காலை 4, 5 மணிக்கே எழுந்து கட்டுகளைப் படித்துவிடுவாராம். கோர்ட்டில் குரலை உயர்த்தமாட்டார், சாட்சியை மிரட்டமாட்டார். மெதுவாக, மரியாதையாக, ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டே வந்து கடைசியில் சாட்சியைச் சுவரோடு நிறுத்திவிடுவார்.

1904-இல் நடந்த விட்டேக்கர் ரைட் வழக்கு அவருடைய பேரை ஊரெல்லாம் கொண்டுபோனது. ரைட் பெரிய கம்பெனி முதலாளி. கையில் இருந்த பல கம்பெனிகளுக்குள் சொத்தை இங்கேயும் அங்கேயும் மாற்றிக் காட்டி, லாபம் இருப்பதுபோல் ஐந்தொகை போட்டு, ஆயிரக்கணக்கான பேர் பணத்தை முழுங்கியவர். அரசாங்கம் வழக்குப் போட மறுத்தது. பணம் போட்டவர்கள் தரப்பில் ஐசக்ஸ் வழக்கை நடத்தினார். கணக்குப் புத்தகத்தில் எங்கே பூசி மெழுகுவார்கள் என்று பங்குச்சந்தையில் அடிபட்டவருக்குத் தெரியாதா? பக்கம் பக்கமாக வைத்துக் கேள்வி கேட்டு மடக்கினார். 7 வருஷத் தண்டனை. தீர்ப்பைக் கேட்ட கொஞ்ச நேரத்துக்குள் ரைட் அதே கோர்ட் கட்டடத்தின் ஓர் அறையில் சயனைடு சாப்பிட்டுச் செத்துப்போனார். விசாரித்த நீதிபதி பிக்காம். இவரும் பின்னால் வருகிறார், வேறு பேரில்.

அந்த வருஷமே லிபரல் கட்சி சார்பில் ரெடிங் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்தார். 1910-இல் அரசாங்கத்தின் இரண்டாவது பெரிய வக்கீலான சொலிசிட்டர் ஜெனரல், சில மாதத்தில் முதல் பெரிய வக்கீலான அட்டர்னி ஜெனரல். 1912-இல் மந்திரிசபையிலும் இடம் கொடுத்தார்கள். அதுவரை எந்த அட்டர்னி ஜெனரலுக்கும் கிடைக்காதது. இந்த இடத்தில் கதை நின்றிருந்தால் உனக்கு எழுத ஒன்றும் இருந்திருக்காது.

1912 மார்ச்சில் பிரிட்டிஷ் அரசாங்கம், சாம்ராஜ்யம் முழுக்கக் கம்பியில்லாத் தந்தி நிலையங்கள் அமைக்கும் வேலையை மார்க்கோனி கம்பெனிக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டது. அந்தக் கம்பெனியின் நிர்வாக இயக்குநர் யார் தெரியுமா? காட்ஃப்ரே ஐசக்ஸ். ரூஃபஸின் கூடப்பிறந்த தம்பி. ஏப்ரலில் காட்ஃப்ரே, அமெரிக்க மார்க்கோனி கம்பெனியின் புதுப் பங்குகளை வாங்கிக்கொள்கிறாயா என்று அண்ணனிடம் கேட்டார். வேண்டாம் என்றார் ரூஃபஸ். அது வேண்டாம் என்று அவருக்கே உள்ளுக்குள் பட்டிருக்கிறது பார். அமெரிக்கக் கம்பெனி வேறு, இங்கிலாந்து ஒப்பந்தத்தில் அதற்குப் பங்கில்லை என்று ஹாரி எடுத்துச் சொன்னதும் மனசு மாறி, ஹாரி வாங்கியதிலிருந்து 10,000 பங்கு, ஒன்று 2 பவுண்டு வீதம் வாங்கிக்கொண்டார். அதில் ஆயிரத்தை நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜுக்கும் ஆயிரத்தை ஆளுங்கட்சிக் கொறடாவுக்கும் அதே விலைக்குக் கொடுத்தார். சந்தையில் அந்தப் பங்கு இன்னும் விற்பனைக்கே வரவில்லை. வந்த அன்று விலை 3 பவுண்டைத் தாண்டியது.

அவர் வாங்கிய தேதி ஏப்ரல் 17. டைட்டானிக் மூழ்கியது ஏப்ரல் 15. மிச்சமிருந்த எழுநூற்றுச் சொச்சம் பேரைக் காப்பாற்றியது மார்க்கோனி கருவியில் போன தந்தி என்று உலகமே பேசிக்கொண்டிருந்த வாரம் அது.

மே 2-ஆம் தேதி டைட்டானிக் விசாரணை லண்டனில் தொடங்கியது. அரசாங்கத் தரப்பில் கேள்வி கேட்டவர் அட்டர்னி ஜெனரல் ரூஃபஸ் ஐசக்ஸ். தலைமை தாங்கியவர் மெர்சி பிரபு, அதாவது நம்ம பழைய பிக்காம். 36 நாள் நடந்தது. கப்பல் கம்பெனி முதலாளி இஸ்மே கூண்டில் ஏறினார். வழியில் பனிப்பாறை இருக்கிறது என்று இன்னொரு கப்பலிலிருந்து வந்த தந்தித் தாளைக் கேப்டன் இவர் கையில் கொடுத்திருக்கிறார், இவர் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு சாயங்காலம் வரை வைத்திருந்திருக்கிறார். ஐசக்ஸ் அந்தத் தாளைப் பற்றி விடாமல் கேட்டார். தெரிந்த ஒன்றை ஏன் பைக்குள் வைத்திருந்தாய் என்பதுதான் கேள்வியின் உள்ளர்த்தம். கேட்டவரோ விசாரணை தொடங்குவதற்குப் பதினைந்து நாள் முன்னால் மார்க்கோனி பங்கு வாங்கியவர், அதை வெளியே சொல்லாதவர்.

கோடைக்குள் ஊரெல்லாம் வதந்தி. மந்திரிகள் மார்க்கோனி பங்கில் பணம் பண்ணுகிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. சும்மா சொல்லக்கூடாது, அதில் பாதி விஷம் யூதர் என்பதற்காகக் கக்கியது. அப்படி எழுதுகிறவனுக்கு நடந்ததையெல்லாம் திறந்து சொல்ல எவனுக்கும் மனசு வராது. அக்டோபர் 11-ஆம் தேதி நாடாளுமன்றத்தில் விவாதம். ரூஃபஸ் எழுந்தார். அரசாங்கத்தோடு பேரம் நடந்த காலத்திலிருந்து "அந்தக் கம்பெனி"யின் பங்கில் ஒரே ஒரு கொடுக்கல் வாங்கல்கூட எனக்குக் கிடையாது என்று அடித்துச் சொன்னார்.

ஒரு வார்த்தை பொய்யில்லை. பேச்சு இங்கிலாந்து மார்க்கோனி கம்பெனி பற்றி. அதன் பங்கை அவர் தொட்டதில்லை. அமெரிக்கக் கம்பெனி பற்றி யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கோயமுத்தூர் கோர்ட் வராந்தாவில் சாட்சிகளுக்கு நான் வாழ்நாளெல்லாம் சொல்லிக்கொடுத்தது இதுதானே? நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாய். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லு. ஆமாம், இல்லை, ஞாபகமில்லை. அதற்கு மேல் வாயைத் திறந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டு தொங்குவார். கோர்ட்டில் அது தப்பே இல்லை. அங்கே கேட்க எதிராளி இருக்கிறான், கேட்கவேண்டியதைக் கேட்காதது அவன் பிழை. சட்டமே அந்த ஏற்பாட்டில்தான் ஓடுகிறது. சபையில் உட்கார்ந்திருந்தவர்கள் குறுக்கு விசாரணை செய்ய வரவில்லை. அவர் எழுந்து நின்றதும், முழுவதையும் சொல்லப்போகிறார் என்று நம்பிக் கேட்டார்கள். 25 வருஷம் கோர்ட்டில் பழகிய நாக்கு, அன்றைக்கும் பழக்கத்தில் கதவைச் சாத்திவிட்டது.

அப்புறம் ஐந்து மாதத்தில் உண்மை வந்தது, அதுவும் கோர்ட் வழியாகவே. பாரிஸ் பத்திரிகை ஒன்று மந்திரிகளைத் திருடர்கள் என்கிற மாதிரி எழுதியதற்கு அவதூறு வழக்குப் போட்டார்கள். 1913 மார்ச்சில் அந்த வழக்கு நடக்கும்போது, அமெரிக்கப் பங்கு வாங்கிய விஷயத்தை இவர் தரப்பு வக்கீலே எடுத்துச் சொன்னார். சபையில் சொல்லாததைக் கோர்ட்டில் சொன்னால் எம்.பி.க்களுக்கு எப்படி இருக்கும்? நாடாளுமன்ற விசாரணைக் குழு கட்சிவாரியாகப் பிளந்தது, ஆளுங்கட்சிப் பெரும்பான்மை குற்றமில்லை என்று எழுதியது. ஜூனில் சபையில் எழுந்து, வாங்கியிருக்கக்கூடாது என்று வருத்தம் தெரிவித்தார். கூட்டிக்கழித்துப் பார்த்தால் அந்தப் பங்கில் அவருக்குக் கடைசியில் நஷ்டம் வேறு. பணத்துக்காக என்று சொன்னால்கூட ஒரு அர்த்தம் இருந்திருக்கும்.

தண்டனை ஒன்றும் வரவில்லை. அக்டோபரிலேயே தலைமை நீதிபதி ஆக்கிவிட்டார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் யூதர். ஆனால் மார்க்கோனி என்ற பேர் செத்தும் அவரை விடவில்லை. இன்றைக்கும் அவரைப் பற்றி எவன் எழுதினாலும் இரண்டாம் பத்தியில் அது வந்துவிடும்.

அடுத்தது நம்ம பக்கத்துக் கதை. 1921 ஏப்ரலில் பம்பாயில் வந்து இறங்கினார். மே மாதம் சிம்லாவில் காந்தியைச் சந்தித்தார், ஒரு தடவை அல்ல, பல தடவை, மணிக்கணக்கில். இருவரும் லண்டனில் படித்த பாரிஸ்டர்கள். இவர் மிடில் டெம்பிள், காந்தி இன்னர் டெம்பிள், 1891. அந்தச் சந்திப்பைப் பற்றித் தன் மகனுக்கு எழுதிய கடிதத்தில், தோற்றத்தில் கவனத்தை இழுக்க ஒன்றுமில்லை, தெருவில் பார்த்தால் திரும்பிப் பார்க்காமல் போயிருப்பேன், பேச ஆரம்பித்தால் வேறு ஆள், வார்த்தையின் மதிப்புத் தெரிந்து பேசுகிறார் என்று எழுதியிருக்கிறார். பிள்ளைக்கு எழுதும்போது உள்ளதை உள்ளபடி எழுதத் தெரிந்த மனுஷன்தான். அடுத்த மார்ச்சில் அதே காந்தியை அவருடைய அரசாங்கம் பிடித்து 6 வருஷத் தண்டனை கொடுத்து உள்ளே போட்டது. அந்த நவம்பரில் இன்னர் டெம்பிள் தன் பட்டியலிலிருந்து காந்தி பேரை அடித்துவிட்டது. 1988-இல்தான் திரும்பச் சேர்த்தார்கள்.

நியாயமாகச் சொன்னால் ரௌலட் சட்டம் நீக்கப்பட்டதும் இவர் காலத்தில்தான். அதற்கு எதிராக இரண்டு விஷயம் வைப்பேன். ஒன்று, நம்ம போத்தனூர். 1921 நவம்பரில் மலபார்க் கலகத்தில் பிடிபட்ட 100 பேரைத் திரூரில் ஒரு சரக்கு வேகனில் அடைத்துக் கதவைச் சாத்தி அனுப்பினார்கள். போத்தனூர் ஜங்ஷனில் கதவைத் திறந்தபோது மூச்சுமுட்டிக் கிடந்தார்கள். மொத்தம் சுமார் 70 பேர் செத்தார்கள். நீ காலேஜுக்கு ரயிலேறிய அதே ஸ்டேஷன். வைஸ்ராய் உத்தரவு போட்டு நடந்ததல்ல, அவரைப் பழிக்க முடியாது என்பார்கள். விசாரணை நடந்தது, வழக்கும் நடந்தது, சிறைக்குப் போனவர் ஒருவரும் இல்லை. எல்லாம் சட்டப்படி.

இன்னொன்று 1923. உப்பு வரியை இரண்டு மடங்கு ஆக்க, மணங்கு என்கிற அந்தக் கால எடைக்கு ஒன்றேகால் ரூபாயை இரண்டரை ரூபாய் ஆக்க, தில்லி சட்டசபை ஒப்பவில்லை. ஒப்பாவிட்டாலும் வைஸ்ராய் சான்று கொடுத்து நிறைவேற்றலாம் என்று 1919 சட்டத்தில் இடமிருந்தது. கொடுத்தார். பழ வியாபாரி வீட்டில் பிறந்தவருக்கு உப்பு வாங்குகிற பொம்பளையின் கணக்குத் தெரியாதா என்று எனக்கு ஆத்திரம் வரும். அடுத்த வருஷமே பழைய விலைக்குக் குறைக்க வேண்டிவந்தது.

மற்றதெல்லாம் பட்டங்கள். மார்க்வெஸ் ஆனார், 1931-இல் சில மாதம் வெளியுறவு மந்திரி, 1935 டிசம்பரில் காலமானார்.

இப்போது உன் விஷயம். நில்லு. வீடு வாங்கி விற்கிற பத்திரங்களையே பார்த்துப் பார்த்துச் சலித்துப்போனது என்று நீ சொல்லி ரொம்ப நாளாகிறது. தோற்றாலும் ஒன்றும் குடிமுழுகிவிடாது. வக்கீல் தொழிலைக் கொஞ்ச நாளைக்கு விட்டுவிடாதே, கவுன்சிலருக்குக் கொடுக்கிற படியில் வீட்டுக் கடன் கட்ட முடியாது.

ஜெயித்தால் 28 நாளுக்குள் சொத்து, தொழில், பங்கு விவரமெல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று நீ சொன்னாய். மாப்பிள்ளையுடையதும் அதில் வரும் என்றாய். சரி. ஆனால் படிவம் கூடப்பிறந்தவனைக் கேட்காது. உன் அண்ணன் வேலை செய்கிற கம்பெனி கவுன்சில்களுக்குப் பார்க்கிங் அபராத சாஃப்ட்வேர் விற்கிறது, அதில் அவனுக்குப் பங்கும் கொடுத்திருக்கிறார்கள். ரெடிங்குக்கும் விற்கப் பார்க்கிறார்களாம், போன மாதம் அவனே சொன்னான். உன்னை நிறுத்துகிற கட்சிக்காரர்களிடம் வேட்பு மனு போடுவதற்கு முன்னாலேயே இதைச் சொல்லிவிடு. வாயால் சொன்னால் போதாது, எழுதிக் கொடுத்து நகல் வைத்துக்கொள். அந்த விவகாரம் கவுன்சிலில் வருகிற அன்று எழுந்து வெளியே போய்விடு.

அண்ணனிடம் நானே பேசினேன். "படிவத்தில் கேட்கவே இல்லையே, நான் என்ன திருடனா?" என்று குதித்தான். இரண்டு நாள் பேசமாட்டான், மூன்றாம் நாள் அம்மாவுக்குப் போன் பண்ணுவான். அவனை நான் பார்த்துக்கொள்கிறேன். மனு போடக் கடைசித் தேதி எது என்று மட்டும் எழுது. துண்டறிக்கை அச்சடிப்பதற்கு முன்னால் எனக்கு ஒரு படி அனுப்பு, திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
அப்பா